செல்டிக், ரேஞ்சர்ஸ், மேனேஜர் நாற்காலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலீஷ் பிரீமியர் லீக்கை வாரம் தவறாமல் பார்க்கிற நம் ஆட்களுக்குக்கூட ஸ்காட்லாந்து லீக் அவ்வளவாகப் பழக்கமில்லை. எப்போதாவது கிளாஸ்கோ நகரத்தின் இரண்டு பெரிய அணிகளான செல்டிக் - ரேஞ்சர்ஸ் ஆட்டம் கண்ணில் படும். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம், நடுவே போலீஸ் வரிசை. உடனே அடுக்கடுக்காகக் கேள்விகள் வரும். என்னிடம் அடிக்கடி வந்த கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். படித்துக்கொண்டு போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: கிளாஸ்கோ கால்பந்தில் மதக் கோடு விழுந்ததும் அழிந்ததும் பெரும்பாலும் கிளப் நிர்வாக அறைகளில்தான். யாரை ஒப்பந்தம் செய்வது, யாரை மேனேஜராக, அதாவது அணியை நடத்துகிற தலைமைப் பயிற்சியாளராக, உட்கார வைப்பது என்ற முடிவுகளில்தான்.

இது நிஜமாகவே கத்தோலிக்கர் - புராட்டஸ்டன்ட் சண்டைதானா?

பிறப்பிலேயே அப்படி இல்லை. 1840-களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த கத்தோலிக்கர்கள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அங்கே பள்ளிக்கூடம் நடத்திய மாரிஸ்ட் சபைத் துறவி வால்ஃபிரிட், ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டவேண்டும் என்றுதான் 1887 நவம்பரில் செல்டிக்கைத் தொடங்கினார். கூட்டம் நடந்தது செயின்ட் மேரி தேவாலயத்தின் மண்டபத்தில். அதனால் செல்டிக்கின் வேர் ஐரிஷ் கத்தோலிக்க வேர் என்பதில் சந்தேகமில்லை.

ரேஞ்சர்ஸ் கதை வேறு. 1872-ல் நான்கு இளைஞர்கள் பூங்காவில் பந்து உதைக்கலாம் என்று சேர்ந்து தொடங்கிய அணி அது. மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1888 மே 28-ல் செல்டிக் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸுடன்தான். 5-2 என்று செல்டிக் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிட்டார்கள். இந்தத் தகவலை இன்றைய ரசிகர்களில் பாதிப் பேராவது அறிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

'ஓல்ட் ஃபர்ம்' என்ற பெயர் எப்படி வந்தது?

செல்டிக் - ரேஞ்சர்ஸ் ஜோடிக்கும் அவர்கள் மோதும் ஆட்டத்துக்கும் உள்ள பெயர் அது. 1904-ல் ஒரு விளையாட்டுப் பத்திரிகை போட்ட கேலிச்சித்திரத்திலிருந்து வந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். விளம்பரப் பலகை மாட்டிய ஒருவர், 'பழைய நிறுவனத்தை ஆதரியுங்கள்' என்று கூவுகிற மாதிரி படம். இரண்டு கிளப்புகளும் அடிக்கடி மோதி, வாசல் வசூலை அள்ளிக்கொண்டு போகின்றன என்பது அதன் குத்தல். பணம் இந்த உறவில் எப்போதும் இருந்தது. 1980-களிலிருந்து பல வருடங்கள் இரண்டு அணிகளின் சட்டையிலும் ஒரே ஸ்பான்சர் பெயர்தான் இருந்தது. ஒரு அணிக்கு மட்டும் பணம் கொடுத்தால் நகரத்தில் பாதிப் பேர் அந்தப் பொருளை வாங்கமாட்டார்கள் என்ற பயம்.

பிறகு வெறுப்பு எங்கிருந்து புகுந்தது?

வேலையிலிருந்தும் அரசியலிலிருந்தும். 1912-ல் பெல்ஃபாஸ்ட்டின் ஹார்லண்ட் அண்ட் வூல்ஃப் கப்பல் கம்பெனி கிளாஸ்கோவின் கோவன் பகுதியில் ஒரு தளம் திறந்தது. ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானம் அங்கே கூப்பிடு தூரம். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பகையையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்கலாமா கூடாதா என்று அப்போது நாடே கொதித்துக்கொண்டிருந்தது. முதல் உலகப்போர் முடிந்தது, வேலை சுருங்கியது, 'நம் வேலையை வந்தேறிகள் பிடுங்குகிறார்கள்' என்ற பேச்சு கிளம்பியது. 1923-ல் ஸ்காட்லாந்து திருச்சபையின் பொதுப்பேரவை முன்பாகவே, ஐரிஷ் இனத்தால் ஸ்காட்டிஷ் அடையாளத்துக்கு ஆபத்து என்று ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. அதற்காகத் திருச்சபை வருத்தம் தெரிவித்தது 2002-ல்.

ரேஞ்சர்ஸ் கத்தோலிக்கர்களைச் சேர்ப்பதில்லை என்று எங்காவது எழுதி வைத்திருந்தார்களா?

எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. முதல் உலகப்போரை ஒட்டிய காலத்திலிருந்து 1989 வரை, தெரிந்தே ஒரு பிரபலக் கத்தோலிக்க வீரரைச் சேர்ப்பதில்லை என்ற வழக்கம் நீடித்தது.

எந்த அளவுக்கு என்றால், பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட்டில் சரித்திரம் படைத்த அலெக்ஸ் ஃபெர்குசன் 1967-ல் வீரராக ரேஞ்சர்ஸுக்கு வந்தார். அவர் புராட்டஸ்டன்ட், மனைவி கத்தோலிக்கர். நிர்வாகத்தில் ஒருவர் மனைவியின் மதத்தை விசாரித்துவிட்டு, கல்யாணம் எங்கே நடந்தது என்று கேட்டிருக்கிறார். பதிவு அலுவலகத்தில் என்று சொன்னதும், 'அப்படியானால் பரவாயில்லை' என்றாராம். அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்கவேண்டும் என்று ஃபெர்குசன் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கதை டானி மெக்ரெய்ன். ரேஞ்சர்ஸ் ரசிகராக வளர்ந்த புராட்டஸ்டன்ட் பையன். அவனைப் பார்க்க வந்த ரேஞ்சர்ஸ் ஆள், டேனியல் ஃபெர்கஸ் மெக்ரெய்ன் என்ற முழுப் பெயரைக் கேட்டுவிட்டு, கத்தோலிக்கன்தான் என்று முடிவுகட்டித் திரும்பிவிட்டார். செல்டிக் கூப்பிட்டுக்கொண்டது. உலகத் தரமான தடுப்பாட்டக்காரராக, செல்டிக் கேப்டனாக அவர் இருந்தார். பாரபட்சம் பார்த்த கிளப்புக்கு அதனால் விளைந்த நஷ்டத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

1976-ல் பர்மிங்ஹாமில் ஒரு நட்பு ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கலவரம் செய்து ஆட்டமே நின்றுபோனது. அந்த அவமானத்துக்குப் பிறகு, இனி மதம் பார்க்கமாட்டோம் என்று கிளப் அறிவித்தது. அறிவிப்பு செயலாக 13 வருடம் ஆனது.

செல்டிக்கும் அப்படித்தானே?

வீரர்கள் விஷயத்தில் இல்லை. 1931 செப்டம்பர் 5-ல் ஐப்ராக்ஸில் நடந்த ஆட்டத்தில், ரேஞ்சர்ஸின் சாம் இங்கிலிஷ் பந்தை உதைக்க வந்தபோது அவர் காலடியில் பாய்ந்து தலையில் அடிபட்டு, அன்றிரவே இறந்தவர் செல்டிக் கோல்கீப்பர் ஜான் தாம்சன். வயது 22. செல்டிக் ரசிகர்கள் இன்றும் போற்றும் அவர் ஒரு புராட்டஸ்டன்ட்தான்.

ஆனால் மேனேஜர் பதவி என்று வந்தால், 1965 வரை செல்டிக்கிலும் கத்தோலிக்கர்கள் மட்டுமே. வில்லி மேலி, ஜிம்மி மெக்ஸ்டே, ஜிம்மி மெக்ரோரி என்று மூன்றே பேர் கிட்டத்தட்ட எழுபது வருடத்தை ஓட்டினார்கள். அந்த வழக்கத்தை உடைத்தவர் ஜாக் ஸ்டீன். லானார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ரேஞ்சர்ஸ் பிடித்த புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. செல்டிக்குக்கு ஆடப் போனபோதே சில பழைய நண்பர்கள் அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் மேனேஜராகி இரண்டு வருடத்தில், 1967 மே மாதம் லிஸ்பனில் இன்டர் மிலானை 2-1 என்று வென்று செல்டிக் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. பிரிட்டனிலிருந்து அதை வென்ற முதல் கிளப். ஆடிய அத்தனை பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். அதில் இரண்டு மதத்தாரும் இருந்தார்கள்.

ஸ்டீன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஒரே திறமையுள்ள இரண்டு பையன்கள், ஒருவன் கத்தோலிக்கன், ஒருவன் புராட்டஸ்டன்ட் என்றால், முதலில் புராட்டஸ்டன்டை எடுப்பாராம். மற்றவனை ரேஞ்சர்ஸ் எப்படியும் எடுக்கப்போவதில்லையே. கென்னி டால்கிளிஷ் அப்படிக் கிடைத்த பொக்கிஷங்களில் ஒருவர். ஸ்டீனின் உதவியாளர் ஷான் ஃபாலன் வீட்டுக்கு வந்தபோது, சிறுவன் டால்கிளிஷ் தன் அறைக்கு ஓடிப்போய்ச் சுவரில் இருந்த ரேஞ்சர்ஸ் படங்களைக் கிழித்தெடுத்த கதையைச் சொல்லாத ரசிகர் இல்லை.

1989-ல் என்னதான் நடந்தது? ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

மோ ஜான்ஸ்டன் கத்தோலிக்கர், செல்டிக்கின் முன்னாள் கோல் இயந்திரம். பிரான்ஸில் நான்ட் அணிக்கு ஆடப் போயிருந்தார். 1989 மே மாதம் செல்டிக் அவரைப் பத்திரிகையாளர்கள் முன் சட்டையோடு நிறுத்தி, திரும்பி வருகிறார் என்று காட்டியது. ஆனால் பேரம் முழுசாக முடியவில்லை. ரேஞ்சர்ஸ் மேனேஜர் கிரேம் சூனஸ் அந்த இடைவெளியில் புகுந்தார். ஜூலை 10-ல் ஜான்ஸ்டன் ஐப்ராக்ஸில் கையெழுத்துப் போட்டார்.

நகரம் அதிர்ந்தது. ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் மைதான வாசலில் கழுத்துத் துண்டுகளை எரித்தார்கள். சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. செல்டிக் ரசிகர்களுக்கோ அவர் துரோகி. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே மனிதரை வெறுத்த அபூர்வம் அது. அந்த நவம்பரில் ஐப்ராக்ஸில் செல்டிக்குக்கு எதிராகக் கடைசி நேரத்தில் ஒரே கோல் விழுந்தது. போட்டவர் ஜான்ஸ்டன். மைதானமே எழுந்து ஆடியது. அவர் போட்ட கோல்களைக் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று அடம்பிடித்த ஒரு சிறு கூட்டமும் இருந்ததாகச் சொல்வார்கள்.

சூனஸ் இதைச் செய்ததற்குச் சமூக சீர்திருத்தம் காரணமா, எதிரி வீட்டு ஆளைத் தூக்கும் ஆசை காரணமா என்ற விவாதம் ஓயாது. இரண்டும் கலந்ததுதான் என்பது என் எண்ணம். எதுவாக இருந்தாலும் எழுபது வருடமாக 'ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று நிர்வாகம் சொல்லிவந்த சாக்கு ஒரே சீசனில் பொய்த்துப்போனது. இத்தாலியக் கத்தோலிக்கர் லொரென்ஸோ அமொரூஸோ பத்து வருடத்துக்குள் ரேஞ்சர்ஸின் கேப்டனே ஆகிவிட்டார். ரசிகர்கள் முன்பே ஒத்துக்கொண்டிருப்பார்கள். கேட்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

மேனேஜரின் மதத்தை இன்றும் பார்க்கிறார்களா?

பெரிதாக இல்லை. 2006-ல் பிரெஞ்சுக்காரர் பால் லெ குவென் வந்தபோது, ரேஞ்சர்ஸின் முதல் கத்தோலிக்க மேனேஜர் என்று செய்திகள் குறிப்பிட்டன. ரசிகர்களின் கோபம் ஆட்டம் மோசம் என்பதில்தான் இருந்தது. அரை சீசனில் கிளம்பிவிட்டார். அவருக்குப் பதிலாக வந்த வால்டர் ஸ்மித், 1990-களில் தொடர் பட்டங்களை அள்ளிக் கொடுத்த உள்ளூர் மனிதர். அவர் தேவாலயத்துக்குப் போனாரா என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் நீல் லெனன் பட்டதை மறந்துவிட்டு இந்தப் பதிலை முடிக்க முடியாது. வட அயர்லாந்தின் லர்கன் ஊர்க் கத்தோலிக்கர். செல்டிக்குக்கு ஆடத் தொடங்கியதும் சொந்த நாட்டு ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். 2002-ல் கொலை மிரட்டல் வந்து, வட அயர்லாந்து அணியைவிட்டே விலகினார். செல்டிக் மேனேஜரான பிறகு 2011-ல் அவருக்குத் தோட்டாக்களும் வெடிகுண்டுப் பொட்டலங்களும் தபாலில் அனுப்பப்பட்டன. பொட்டலம் அனுப்பிய வழக்கில் இருவருக்குத் தலா 5 ஆண்டு சிறை. அதே வருடம் எடின்பரோவின் ஹார்ட்ஸ் அணி மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் கோட்டோரம் நின்ற அவர்மீது பாய்ந்தான். அவர் கோபக்காரர், எதிராளியைச் சீண்டுகிறவர் என்று சமாதானம் சொன்னவர்கள் உண்டு. கோபக்கார மேனேஜர்கள் ஸ்காட்லாந்தில் எத்தனையோ பேர். அவர்களுக்கெல்லாம் தோட்டா வரவில்லை.

அப்படியானால் இப்போது மேனேஜர்களைப் பற்றி எதற்கு இவ்வளவு சண்டை?

இரண்டாவது இடம் என்றால் கடைசி இடம் மாதிரி. அதுதான் காரணம். அபர்டீன் அணியின் மேனேஜராக ஃபெர்குசன் 1985-ல் லீக் பட்டம் வென்ற பிறகு, 2025 வரை நாற்பது சீசன்களிலும் பட்டம் செல்டிக்குக்கோ ரேஞ்சர்ஸுக்கோதான். ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்றவர், நடுவே இடமே இல்லை. மூன்று ஆட்டம் சரியில்லை என்றால் ஆளை மாற்று என்ற குரல் எழும். ரஸ்ஸல் மார்ட்டின் 2025 ஜூனில் ரேஞ்சர்ஸுக்கு மேனேஜராக வந்து அக்டோபரிலேயே போய்விட்டார்.

விசுவாசம் என்பதை ரசிகர்கள் மேனேஜரிடம்தான் அளந்து பார்க்கிறார்கள். பிரெண்டன் ராட்ஜர்ஸ் கதை அதற்குச் சான்று. சின்ன வயதிலிருந்தே செல்டிக் ரசிகன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், முதல் சீசனில் லீக்கில் தோல்வியே இல்லாமல் மூன்று கோப்பை கொடுத்தவர். 2019 பிப்ரவரியில், சீசன் பாதியில், இங்கிலாந்தின் லெஸ்டர் அணிக்குப் போய்விட்டார். இறவாப் புகழைக் கொடுத்துவிட்டுச் சாதாரணத்தை வாங்கிக்கொண்டாய், நீ ஒருபோதும் செல்டிக்காரன் இல்லை என்று அடுத்த ஆட்டத்திலேயே பதாகை தொங்கியது. 2023-ல் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். மறுபடி ஜெயித்தார், பாதிப் பேர் மன்னித்தார்கள். 2025 அக்டோபரில் ராஜினாமா செய்தபோது, கிளப்பின் பெரிய பங்குதாரரே அவரைக் கடுமையாகத் தாக்கி அறிக்கை விட்டார். அப்புறம் பழைய மேனேஜர் மார்ட்டின் ஓ'நீலை, எழுபது தாண்டிய வயதில், தற்காலிகமாக அழைத்து உட்கார வைத்தார்கள்.

ரேஞ்சர்ஸ் பக்கம் ஸ்டீவன் ஜெரார்ட். செல்டிக் தொடர்ந்து பத்தாவது பட்டம் வாங்கிவிடாமல் 2021-ல் தோல்வியே இல்லாத லீக் வெற்றியைக் கொடுத்தார். ஆறே மாதத்தில் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனார். லிவர்பூல்காரர் என்பதால் அவர்மீது ராட்ஜர்ஸ் அளவுக்குக் கசப்பு இல்லை. நம் ஆள் என்று நினைத்தவர் போவதுதான் வலிக்கிறது.

2012-க்குப் பிறகு இருக்கிற ரேஞ்சர்ஸ் அதே கிளப்தானா?

இந்த ஒரு கேள்வி போதும், ராத்திரி முழுக்க வாக்குவாதம் ஓடும். 2012 பிப்ரவரியில் ரேஞ்சர்ஸ் திவால் நடவடிக்கைக்குள் போனது. பழைய கம்பெனி கலைக்கப்பட்டது. சொத்துகளைப் புதிய கம்பெனி வாங்கியது. அணி நான்காம் நிலைப் பிரிவிலிருந்து தொடங்கி 2016-ல் மேல் பிரிவுக்குத் திரும்பியது. கம்பெனிதான் செத்தது, கிளப் சாகவில்லை என்பது ரேஞ்சர்ஸ் தரப்பு. கிளப்பே செத்தது, இது புதுசு என்பது செல்டிக் தரப்பு. அதனால்தான் பல செல்டிக் ரசிகர்கள் 'ஓல்ட் ஃபர்ம்' என்ற பெயரையே இப்போது சொல்வதில்லை. லீக்கும் சங்கமும் பழைய பட்டங்களை இன்றைய ரேஞ்சர்ஸின் கணக்கில்தான் வைத்திருக்கின்றன. நான்காம் பிரிவு ஆட்டங்களுக்கும் ஐப்ராக்ஸில் நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம் வந்ததை நினைத்தால், ஒரு கிளப் எங்கே உயிரோடு இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

பாடல்கள், கொடிகள்?

ரேஞ்சர்ஸ் கூட்டத்தில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கர் ரத்தத்தைப் பற்றிப் பாடியதற்காக ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் கிளப்பைத் தண்டித்திருக்கிறது. 2019-ல் ஐப்ராக்ஸின் ஒரு பகுதியை மூடவும் வைத்தது. செல்டிக் கூட்டத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஐரிஷ் அமைப்பான ஐ.ஆர்.ஏ.வின் புகழ் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அரசியல், மதவெறி அல்ல என்று அவர்கள் சொல்வார்கள். குண்டில் குடும்பத்தை இழந்தவர் காதில் அந்த வேறுபாடு ஏறாது.

மேனேஜர்களின் நடத்தையும் இதில் சேரும். 2011 மார்ச்சில் ஒரு கோப்பை ஆட்டம் முடிந்ததும் லெனனும் ரேஞ்சர்ஸ் துணை மேனேஜர் ஆலி மெக்காய்ஸ்ட்டும் கோட்டோரம் முட்டிக்கொண்டார்கள். அரசே கூட்டம் போட்டது. மறுவருடம் கால்பந்து மைதான அவதூறுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது, சரியாக வரையப்படவில்லை என்ற எதிர்ப்பால் 2018-ல் ரத்தானது.

1952-ல் நடந்தது பலருக்குத் தெரியாது. செல்டிக் பார்க்கில் பறந்த அயர்லாந்துக் கொடியை இறக்கச் சொல்லி ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கம் மிரட்டியது. செல்டிக்குக்குத் துணை நின்ற கிளப்புகளில் ரேஞ்சர்ஸும் ஒன்று. கொடியை இறக்கச் சொன்னவர்களில் முன்னால் நின்றவர், ஐரிஷ்காரர்கள் எடின்பரோவில் தொடங்கிய ஹிப்ஸ் (ஹைபர்னியன்) கிளப்பின் தலைவர்.

எடின்பரோவிலும் இதே கதையா?

நிழல் மட்டும் உண்டு. ஹிப்ஸை 1875-ல் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் தொடங்கினார்கள், ஆரம்பத்தில் கத்தோலிக்கர் மட்டுமே ஆடலாம். ஹார்ட்ஸ் எதிர்முகாம். இன்று அங்கே எந்தப் பேட்டை, எந்தக் குடும்பம் என்பதுதான் முக்கியம். டண்டீ நகரத்தின் ஐரிஷ் அணியான டண்டீ ஹைபர்னியன் 1923-ல் டண்டீ யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டு அந்தச் சுமையை இறக்கியே விட்டது.

மதநம்பிக்கையே குறைந்துவிட்டதாமே, பிறகும் ஏன்?

2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மதம் இல்லை என்று எழுதினார்கள். ஸ்காட்லாந்து திருச்சபை 20 சதவீதம், கத்தோலிக்கர் 13 சதவீதம் அளவில். கோயில் போகாதவனும் அப்பா பிடித்த அணியை விடுவதில்லை. 1918 சட்டத்தால் கத்தோலிக்கப் பள்ளிகள் அரசுச் செலவில் தனியாக நடக்கின்றன. அதனால் 'எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?' என்று கேட்டாலே மதமும் அணியும் தெரிந்துவிடும் என்று அங்கே நம்புகிறார்கள். பள்ளிகளால்தான் பிளவு என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. கத்தோலிக்கப் பள்ளிகள் இங்கிலாந்திலும் இருக்கின்றன, அங்கே இப்படி இல்லையே.

இந்தியர் யாராவது ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார். கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம், 1936-ல் செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடினார், பூட்ஸ் இல்லாமல், காலில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு. செல்டிக் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் காலுக்குக் கட்டுப்போடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஊர் ஞாபகம் வாட்ட, சலீம் திரும்பிவிட்டார்.

பகையைத் தாண்டி ஒன்றுசேர்ந்தது உண்டா?

1971 ஜனவரி 2. ஐப்ராக்ஸில் ஆட்டம் முடிந்து வெளியேறும்போது 13-ஆம் எண் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். பலர் சிறுவர்கள். அந்த மாதமே இரண்டு கிளப் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து, நிதி திரட்ட ஹாம்ப்டன் மைதானத்தில் ஸ்காட்லாந்து அணியோடு ஆடினார்கள்.

ஆனால் 1980 கோப்பை இறுதிக்குப் பின் அதே ஹாம்ப்டன் புல்தரையில் இரு தரப்பும் பாட்டில் வீசி மோதின. மைதானங்களில் மதுவுக்குத் தடை வந்தது அதனால்தான். 1995-ல் செல்டிக் ஆட்டம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன 16 வயதுப் பையன் தெருவில் கொல்லப்பட்டான். அவனுடைய தோழி ஒருவர் தொடங்கிய 'நில் பை மவுத்' இயக்கம் இன்றும் பள்ளிகளில் மதவெறிக்கு எதிராக வேலை செய்கிறது.

கிளாஸ்கோவுக்குப் போகிறேன். ஆட்டம் பார்க்கலாமா?

தாராளமாகப் பாருங்கள். செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதும் டெர்பிக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. 2018-க்கு முன்பு எதிரணி ரசிகர்களுக்கு ஏழாயிரத்துக்கும் மேல் இடம் கிடைக்கும், பிறகு சில நூறாகச் சுருங்கி, சில ஆட்டங்களில் ஒன்றுமே இல்லை என்றானது. அதனால் சாதாரண லீக் ஆட்டத்துக்குப் போங்கள். அன்றைக்குப் பச்சையோ நீலமோ வேண்டாம், சாம்பல் நிறச் சட்டை போதும். எந்த அணி என்று மதுக்கடையில் யாராவது கேட்டால் ஊரைச் சொல்லுங்கள், பேச்சு இட்லி தோசைக்குப் போய்விடும். 'ஹன்' (ரேஞ்சர்ஸ்காரர்களை), 'ஃபீனியன்' (செல்டிக்காரர்களை) போன்ற சொற்கள் காதில் விழும், அவை வசை, திருப்பிச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் வேண்டாம் என்றால் நகரின் வடக்கே ஃபர்ஹில்லில் பார்டிக் திஸில் இருக்கிறது, சிவப்பு மஞ்சள் சட்டை. உங்கள் மதத்தை அங்கே யாரும் கேட்கமாட்டார்கள், டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும்.